பத்தி பதினான்கு

மேயோ ஹால் மாடிப்படியில்
மூன்றாவது படி இன்னும் உடைந்தேதான் இருக்கிறது.
நீங்கள் தாண்டிப் போவீர்கள்.
பின்னால் உங்கள் கட்டோடு வரும் நான்
ஒவ்வொரு முறையும் இடறுவேன்.

சவரிராயன் சார்,
இப்படிக் கூப்பிட இப்போது
ஒரு தனிச்செயலரிடம் நேரம் வாங்க வேண்டும்.

அல்சூர் வார்டில் நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்ற அன்று
மத்தியானமே வந்து
ஒரு செக் கேஸுக்கு வாய்தா வாங்கினீர்கள்.
அடுத்த முறை ஜெயித்தீர்கள். வாய்தா நான் வாங்கினேன்.
பிறகு சட்டசபை. கூப்பிடு தூரம்தான்,
டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுவீர்கள்.
பிறகு டெல்லி.
அங்கே போகிறவர்கள் கறுப்பு கோட்டைக் கழற்றுவதில்லை,
வெளுக்கப் போடுகிறார்கள் என்றார்
டைப்பிஸ்ட் கெம்பராஜு.

மந்திரி தொழில் செய்யக்கூடாது.
பதவியேற்பு விமானத்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது,
எழுபத்தொன்பது வக்காலத்து.
நான் புரட்டப் புரட்ட
ஆட்சேபணை இல்லை, ஆட்சேபணை இல்லை
என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தீர்கள்.
ஒன்றில் பேனா நின்றது.
கரிக்கொட்டாய்.
தண்டவாளத்துக்கும் சாக்கடைக்கும் நடுவே நாற்பத்து மூன்று வீடு.
வாதி: நீலாயதாட்சி மற்றும் நாற்பத்திரண்டு பேர்.
பிரதிவாதி: இந்திய ஒன்றியம், ரயில்வே.
பார்த்துக்கோ என்றீர்கள்.
என்ன துறை என்று அப்போது யாருக்கும் தெரியாது.
ராத்திரி ஒன்பது மணிச் செய்தியில்
ரயில்வே என்றார்கள்.
கெம்பராஜு டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

கீழே தோற்று, அப்பீலில் ஜெயித்து,
மறுபடி முதலிலிருந்து விசாரி என்று திரும்பி வந்த வழக்கு.
நேற்றுதான் புது எதிர்வாதுரை கொடுத்தார்கள்.
நீங்கள் எழுதிய பிராதை
உங்கள் அமைச்சகம் பத்தி பத்தியாகப் படித்திருக்கிறது.
பொய், கற்பனை, சட்டத்தில் நிலைக்காதது:
நீங்கள் சொல்லும் அதே வரிசை.
ஒன்பதாம் பத்தியில் அந்த மழை ராத்திரி,
சாக்கடை ஏறி வந்து ஒரு தொட்டிலைக் கொண்டுபோனது.
அதைச் சொல்லி எழுதவைத்தபோது
ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினீர்கள்.
ஒன்பது மறுக்கப்படுகிறது.

பதினான்கு நமக்குத் தெரியும்.
நம் இரண்டு பேருக்கு மட்டும்.
எழுபத்தொன்றிலிருந்து குடியிருக்கிறார்கள் என்பதற்கு
ஒரே ஒரு ரேஷன் கார்டு.
அதில் இருக்கும் ஒன்று
ஒரு காலத்தில் ஏழாக இருந்திருக்கலாம்.
டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம்.
கேட்கிறவன் கேட்கட்டும் என்று
கட்டோடு வைத்துக் கட்டச் சொன்னீர்கள்.

எதிர்வாதுரையில்
பதின்மூன்று மறுக்கப்படுகிறது.
அடுத்த வரி, பதினைந்து.

மறுக்காதது ஒப்புக்கொண்டது.
சட்டக் கல்லூரியில் முதல் வருஷமே எழுதிப் போட்டிருப்பார்கள்.

கையெழுத்து யாரோ ஒரு டிவிஷனல் இன்ஜினியருடையது.
கோப்பு உங்கள் மேஜைக்கு வந்ததா,
பச்சை மையில் ஒரு கோடு விழுந்ததா,
இல்லை, அடித்தவருக்குச் சாப்பாட்டு நேரமா?
நானே எத்தனை பத்தியை முழுங்கியிருக்கேன்
என்கிறார் கெம்பராஜு, கொஞ்சம் பெருமையாக.
போன் போட மாட்டேன்.
கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்,
உங்கள் பதில்
திருத்த மனுவாக வந்து சேரும்.

நன்றியும் சொல்ல மாட்டேன்.
ஒன்பதையும் யாரோ ஒருவர்
உட்கார்ந்து அடித்துத்தானே இருக்கிறார்.

நாளை பதினோரு மணிக்கு அழைப்பார்கள்.
பத்துக்கே நீலாயதாட்சி வந்து
பெஞ்சின் ஓரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்.
நம்ம சவரி அங்கதானம்மா இருக்காரு,
நம்ம பக்கந்தானே?
போன வாய்தாவிலும் இதையேதான் கேட்டார்.
ஃபேன் சத்தத்தில் காதில் விழாதவள் மாதிரி
தேதியைக் குறித்துக்கொண்டேன்.